கையைக் கொடுங்க, டாக்டர்

“பசியாறியாச்சா, டாக்டர்?” என்று கேட்டுவிட்டு, எல்லாரும் மிஸ்ஸி என்று அழைக்கும் தாதி சீதாலெட்சுமி போனைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்துக்கொள்கிறார். மறுமுனையில் இருப்பவர் கத்தத் தயாராக இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கிள்ளானில் ஒரு கிளினிக் டாக்டர் அனுப்பிய நோயாளியை, படுக்கை இல்லை என்று யாரோ வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோபம் தொண்டை வரை வந்து நிற்கிறது. ஆனால் பசியாறியாச்சா என்று கேட்கிறவரிடம் எடுத்த எடுப்பில் எப்படிக் கத்துவது? “ஆச்சு, ரொட்டி சானாய்” என்று முனகலாக ஒரு பதில் வருகிறது. “ரொட்டியா? போன மாசம் கொலஸ்ட்ரால் எவ்வளவுன்னு சொன்னீங்க?” என்று மிஸ்ஸி மடக்குகிறார். கத்த வந்தவர் இப்போது தன் கொலஸ்ட்ராலுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நோயாளிக்குப் படுக்கை கிடைத்துவிட்டது என்ற செய்தியை மிஸ்ஸி அதற்குப் பிறகு சாவகாசமாகச் சொல்கிறார்.

சாயங்காலம் கூப்பிட்டாலும் இதே கேள்விதான். “பசியாறுறதுன்னா காலைல சாப்புடுறதுதானே மிஸ்ஸி?” என்று மருந்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஆயிஷா ஒருமுறை கேட்டுவிட்டார். “காலைல கேக்க மறந்தத இப்ப கேக்குறேன் லா” என்று பதில் வந்தது. அதன்பிறகு ஆயிஷா எதையும் கேட்பதில்லை. அவரே மாலை வேளையில் நாலு பேரிடம் பசியாறியாச்சா என்று கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மிஸ்ஸியின் வேலை என்ன என்பது அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கு அச்சாகியிருக்கிறது. அந்த அட்டையை அவர் எப்போதும் திருப்பியே போட்டுக்கொள்வார். “அத படிச்சு முடிக்கிறதுக்குள்ள பேஷண்ட் போய்ச் சேந்துருவாரு” என்பார். எளிமையாகச் சொன்னால் விஷயம் இதுதான். கிள்ளான், பந்திங் பக்கத்துக் கிளினிக்குகள், அம்புலன்ஸ்காரர்கள், பெட்டாலிங் ஜெயாவில் இருதய நோய்க்கென்றே ஒரு கட்டடம் வைத்திருக்கும் அவருடைய ஆஸ்பத்திரி, குணமானவர்களை நடக்கப் பழக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் உடற்பயிற்சி மையம், இத்தனை பேரும் ஒரு நோயாளியை ஒரே நோயாளியாகப் பார்க்கும்படி செய்ய வேண்டும். முன்பெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் ஒவ்வொரு வாசலிலும் புதிதாக நோயாளி ஆவார். கிளினிக்கில் ஓர் இசிஜி. அவசரப் பிரிவில் மறுபடியும் ஓர் இசிஜி. மாடியில், இது யார் எடுத்தது என்ற கேள்வியோடு இன்னொன்று. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒருவர் வேலைக்கும் அடுத்தவர் வேலைக்கும் நடுவில் மட்டும் ஆளில்லை. நோயாளிக்கு எமன் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

இப்போது அந்த இடத்தில் மிஸ்ஸி நிற்கிறார். கிளினிக்கில் எடுத்த இசிஜியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். நோயாளி அம்புலன்ஸில் ஏறி ஃபெடரல் ஹைவேயைத் தொடுவதற்குள் இங்கே அடைப்பு எடுக்கும் அறையில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். குழுவுக்கு ஆஸ்பத்திரி வைத்த நீளமான பெயரை மிஸ்ஸி ஒரே நாளில் அழித்துவிட்டு ‘நெஞ்சு வலி’ என்று வைத்தார். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவசரத்தில் தேடினால் சட்டென்று அகப்படுகிறது என்பதைக் கண்டபின் சுளித்த முகங்கள் நேராகிவிட்டன.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, கை பிடிப்பது. பேசும்போது எதிரில் நிற்பவரின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வார். பாசம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் பார்வை தாழ்ந்து, மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்துக்குப் போகும். தாதிகள் அந்தக் காலத்தில் அணிந்த தலைகீழ்க் கடிகாரம் அது. எதிரில் நிற்பவருக்குத்தான் தலைகீழ், குனிந்து பார்க்கும் அவருக்கு நேர். கார் பார்க் காவலாளி, காண்டீனில் தே தாரேக் டீ ஆற்றுகிறவர், ஆஸ்பத்திரி இயக்குநர் என்று யாரும் தப்பியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போனவர் வரிசையை நிறுத்திவைத்துவிட்டு, “தம்பிக்கு கொஞ்சம் வேகமாத்தான் அடிக்குது, ஆனா பயப்பட ஒண்ணுமில்ல” என்று பெண் வீட்டாருக்கு அறிவித்துவிட்டு இறங்கினார்.

அவர் கணவர் வாசு எல்ஆர்டி ரயிலில் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாத மனிதர். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யார் கேட்டாலும் சொல்லிவிடுவார். “கல்யாணம் ஆன புதுசுல கையப் புடிச்சிக்கிட்டே இருப்பா. எனக்கு ஒரே சந்தோசம். அப்புறந்தான் தெரிஞ்சது, எண்ணிக்கிட்டு இருந்துருக்கா.”

இப்படி ஊர் நாடியெல்லாம் பார்க்கிற மிஸ்ஸியின் நாடியை யாராவது பார்த்திருக்கிறார்களா என்றால், இல்லை. ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் இருதயப் பரிசோதனையில் அத்தனை பேரையும் பிடித்துத் தள்ளுகிறவர், தன் பெயர் வரும்போது “எனக்கு அடுத்த மாசம்” என்று நழுவிவிடுவார். அந்த அடுத்த மாதம் எந்த நாட்காட்டியிலும் இதுவரை வரவில்லை. சில காலமாக மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நிற்பதைக் காணலாம். அங்கே சுவரில் ‘கை கழுவுவது எப்படி’ என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மிஸ்ஸி அதைக் கருத்தாகப் படிப்பார். அந்த ஆஸ்பத்திரியில் அதை அவரளவுக்கு ஆழ்ந்து படித்தவர்கள் கிடையாது. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையை யாராவது அவருக்கு நினைவூட்டலாம். ஆனால் நினைவூட்டப் போகிறவரின் கையை அவர் பிடித்துக்கொள்வாரே என்ற பயம்.

மாதம் ஒருமுறை இந்தக் கூட்டாளிகள் எல்லாரும் நேரில் கூட வேண்டும். எங்கே கூடுவது என்பதில்தான் முதல் சண்டையே நடந்தது. கிளினிக் டாக்டர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைப் போல உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். நிபுணர்களைக் கிள்ளானுக்கு அழைத்தால் பார்க்கிங் கிடைக்காது என்பார்கள். மிஸ்ஸி யோசித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியைப் பிடித்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் ஒரே உயரம். இருதயத்தைக் காக்கக் கூடுகிறவர்களுக்கு ஆட்டிறைச்சி வறுவலும் பொரித்த பாகற்காயும் எதற்கு என்று உணவுப் பிரிவிலிருந்து ஓர் ஆட்சேபம் வந்தது. “மொதல்ல இவங்க ஒண்ணா ஒக்காரட்டும் லா. எண்ணெய அப்புறமா கொறைப்போம்” என்றார் மிஸ்ஸி. எண்ணெய் இன்னும் குறைந்தபாடில்லை.

கூட்டம் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள அவர் அறிக்கையைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்ப்பார். சாப்பாடு திருப்தி என்றால் இலையைத் தன் பக்கமாக மடக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடக்குவது துக்க வீட்டில். இது அங்கே சாப்பிட வரும் சீன, மலாய் டாக்டர்களுக்கும் இப்போது அத்துப்படி. எல்லாரும் கை கழுவப் போனபின் மிஸ்ஸி மட்டும் மேசையோரமாக ஒரு நடை நடந்து வருவார். இலைகள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்திருந்தால் அந்த மாதம் குழுவில் வேலை ஒழுங்காக நடக்கும்.

ஒரு மாதக் கூட்டத்தன்று ஓர் இலை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது. அது டாக்டர் இராமலிங்கத்தின் இலை.

இராமலிங்கம் கிள்ளானில் லிட்டில் இந்தியாவை ஒட்டி கிளினிக் வைத்திருப்பவர். தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு ஊசி போட்டவர், எழுபதை நெருங்குகிறவர். ஆஸ்பத்திரியின் இருதய நிபுணர் முகுந்தனும் அந்தக் கிளினிக்கில் ஊசிக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிந்த பிள்ளைதான். அந்த உரிமையில் அவரை இன்றும் அங்கிள் என்பார். அந்த உரிமைதான் அன்று வினையாகிவிட்டது. இராமலிங்கம் தன் நோயாளி ஒருவருக்குக் கொடுத்துவரும் இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தபோது முகுந்தன் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அந்த மாத்திரைய இப்ப மியூசியத்துலதான் பாக்கலாம், அங்கிள்” என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. இராமலிங்கமும் சிரித்தார். பிறகு மோரைக் குடித்து முடித்தார், இலையை எதிர்ப்பக்கம் மடக்கினார், போய்விட்டார்.

மிஸ்ஸி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போனில் ஒற்றை வரி காத்திருந்தது. டாக்டர் இராமலிங்கம் ‘நெஞ்சு வலி’ குழுவிலிருந்து விலகிவிட்டார்.

மறுநாளிலிருந்து மிஸ்ஸியின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. இரண்டு பக்கமும் தூது போனார். “நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? உண்மையத்தானே சொன்னேன்” என்றார் முகுந்தன்.

“உண்மதான் டாக்டர். ஆனா எல்லாரும் சாப்புடுற எலைல வெச்சு சொல்லிட்டீங்களே.”

கிள்ளானுக்குப் போன் போட்டு, பசியாறியாச்சா என்று கேட்டால், “ஆச்சு” என்று சொல்லிவிட்டு இராமலிங்கம் வைத்துவிடுவார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேல் மிஸ்ஸியின் வித்தை எடுபடவில்லை. ஒரு சனிக்கிழமை, பூ வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு கொமுட்டர் ரயிலேறி நேராகவே கிளினிக்குக்குப் போய் நின்றார். “நான் ஊசி போட்டு வளத்த பையன். என்னைய மியூசியத்துல வெச்சிட்டான்” என்றார் இராமலிங்கம். கையைப் பிடிக்கப் போன மிஸ்ஸியிடம், சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் இல்ல. நீ போய்ட்டு வா” என்றார். மிஸ்ஸி பூவோடு திரும்பினார்.

வீம்பு இரண்டு டாக்டர்களுக்கு. விலை கொடுத்தவர் தங்கமணி. பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர், நெஞ்சு வலியோடு இராமலிங்கத்திடம் வந்தார். டாக்டர் இசிஜி எடுத்தார், நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், தெளிவான கையெழுத்தில் கடிதமும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரி. ஆனால் குழுவில் போடவில்லை. தங்கமணி பழையபடி ஒவ்வொரு வாசலாக உட்கார்ந்து, எழுந்து, கடிதத்தை நீட்டி, மறுபடி உட்கார்ந்து, மாடிக்கு வந்து சேர்ந்தபோது இருதயத் தசையில் ஒரு பகுதி போயிருந்தது. உயிர் பிழைத்துவிட்டார். இனி லோரி ஓட்ட முடியாது.

மிஸ்ஸி இதை இராமலிங்கத்திடம் போனில் சொன்னார். மறுமுனையிலிருந்து “ம்” என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது. முகுந்தனிடமும் போய்ச் சொன்னார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டு பேருக்கும் வலித்தது. இரண்டு பேரும் மருத்துவர்கள் என்பதால் வலியைத் தாங்களாகவே அடக்கிக்கொண்டார்கள். அன்றைக்கு மிஸ்ஸி யாருடைய கையையும் பிடிக்கவில்லை. அடுத்து வருகிறவர் பிழைப்பாரா என்ற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் யார் என்பது ஒரு திங்கட்கிழமை காலையில் தெரிந்தது. போன் அடித்தது. எடுத்தால், இராமலிங்கம்.

“பசியாறியாச்சா, மிஸ்ஸி?”

இத்தனை காலத்தில் அந்தக் கேள்வியை மிஸ்ஸியிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. எப்போது கேட்பார்கள், எதை மறைக்கக் கேட்பார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

“ஆச்சு டாக்டர். என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல. ஒரு பேஷண்ட். வயசானவரு. காலைலேருந்து நெஞ்சு பாரமா இருக்குங்கிறாரு. இசிஜி ஒன் போனுக்கு அனுப்பிருக்கேன். குரூப்புல போட்டுறாத. நீ மட்டும் பாத்து சொல்லு.”

மிஸ்ஸி பார்த்தார். கோடு எழும்பக் கூடாத இடத்தில் மேடாக எழும்பி நின்றது. அது என்னவென்று அவருக்கும் தெரியும், அனுப்பியவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பிறகு ஏன் கேட்கிறார்?

“வேர்க்குதா அவருக்கு?”

“சட்ட நனைஞ்சிருச்சு.”

“பசியாறினாரா?”

“தாயம்மா இட்லி தாப்பாவ் பண்ணிட்டு வந்தா. ஒண்ணுகூட எறங்கல.”

தாயம்மாள் அந்தக் கிளினிக்கின் உதவியாளர். நோயாளிகளுக்கெல்லாம் அவர் இட்லிப் பொட்டலம் வாங்கி வருவதில்லை. அந்தக் கிளினிக்கில் அவர் இட்லி வாங்கி வருவது ஒரே ஒருவருக்குத்தான்.

“டாக்டர்,” என்றார் மிஸ்ஸி. “அந்த பேஷண்ட்கிட்ட போனக் குடுங்க.”

மறுமுனையில் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது.

“அவருதாம்மா பேசிக்கிட்டு இருக்காரு.”

அதற்குப் பிறகு மிஸ்ஸி பேசியது அவருடைய வழக்கமான பேச்சு அல்ல. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். படுக்கச் சொன்னார். கார் சாவியைத் தாயம்மாளிடம் கொடுக்கச் சொன்னார், ஏனென்றால் இராமலிங்கம், “முகுந்தன் கைல மட்டும் என்னைய குடுத்துறாத. நாளைக்கு நானே கார் ஓட்டிக்கிட்டு வேற எடத்துக்குப் போயிக்கிறேன்” என்று ஆரம்பித்திருந்தார். கத்தப் பார்த்தவர்களை எல்லாம் இதுநாள் வரை தணித்தவர், இப்போது அவரே கத்தினார். “நாளைக்குன்னு ஒண்ணு வேணும்னா இப்ப வாய மூடிட்டுப் படுங்க டாக்டர்.” மருந்துப் பட்டியலோடு எதிரில் உட்கார்ந்திருந்த ஆயிஷா எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு மிஸ்ஸி கேட்காமல் கொள்ளாமல் இராமலிங்கத்தை மறுபடி குழுவில் சேர்த்தார். அதற்குக் கீழேயே அவருடைய இசிஜியைப் போட்டார். பெயர் போடவில்லை, கிளினிக்கின் பெயரையும் காலையிலிருந்து வலி என்பதையும் மட்டும் போட்டார். சரியாகச் சொன்னால் மனுஷர் தன் நெஞ்சைப் பற்றி ஊரே பேசுவதைத் தன் போனிலேயே படித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதாயிற்று.

குழு விழித்துக்கொண்டது. அம்புலன்ஸ் கிளம்பியாகிவிட்டது என்று ஒரு வரி. அறை தயார் என்று இன்னொரு வரி. நடுவில், யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒன்று வந்தது. “நான் பக்கத்துலதான் இருக்கேன். போறேன்.” எழுதியவர் டாக்டர் மாதவி. இராமலிங்கத்தின் கிளினிக்குக்கு இரண்டு கடை தள்ளி கிளினிக் போட்டு, வந்த நாளிலிருந்து அவரோடு நோயாளிகளுக்காகப் போட்டி போடுகிறவர். இருவரும் ஒருவர் போர்டை ஒருவர் முறைத்துக்கொண்டேதான் கதவு திறப்பார்கள். அன்று தன் வாசலில் உட்கார்ந்திருந்த கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆக்சிஜனையும் நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் ஓடினார். அம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெரியவரின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “ஒங்க பேஷண்டுங்க காத்திருப்பாங்களே” என்று இராமலிங்கம் சொன்னாராம். “பாதிப் பேரு ஒங்க பேஷண்டுங்கதான் டாக்டர், ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றாராம் மாதவி.

முகுந்தன் மிஸ்ஸியைக் கூப்பிட்டார். “யாரு பேஷண்ட்? காலைலேருந்து வலின்னு போட்டுருக்கு. இவ்வளவு நேரம் யாரு ஒக்கார வெச்சது?”

“ஒங்களுக்கு சின்ன வயசுல ஊசி போட்டவரு, டாக்டர்.”

முகுந்தன் போனை வைக்கவில்லை. படி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்புலன்ஸ் வந்து நின்றபோது நிபுணர் வாசலில் நின்றிருந்தார். நிபுணர்கள் வாசலுக்கு வருவதில்லை என்பதால் அவரைப் பார்த்த காவலாளி, என்னவோ ஏதோவென்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஸ்ட்ரெச்சரில் இராமலிங்கத்தின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் வாய் வெளிறவில்லை.

“ஆஸ்பிரின் மென்னீங்களா, அங்கிள்?”

“மென்னேன். அது இன்னும் நடப்புல இருக்கா, இல்ல மியூசியத்துக்குப் போயிருச்சா?”

“அது ஒண்ணுதான் மாறல அங்கிள்” என்றார் முகுந்தன். சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளத் தொடங்கினார்.

மிஸ்ஸி கூடவே நடந்தார். இராமலிங்கத்தின் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. நீண்ட வராந்தா முழுவதும் அப்படியே பிடித்துக்கொண்டு போனார். அவருக்கு இந்த மனிதர் மேல் எவ்வளவு பிரியம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, பயமாகவும் இருந்தது. அறைக் கதவு மூடும்போது கையை விட்டார். மார்பில் இருந்த கடிகாரத்தை வழியில் ஒருமுறைகூட அவர் குனிந்து பார்க்கவில்லை. வாசு பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அடைப்பு எடுத்தாகிவிட்டது. தசை பெரும்பாலும் தப்பியது. சில நாட்கள் கழித்து மிஸ்ஸி வார்டுக்குப் போனபோது இராமலிங்கம் சாய்ந்து உட்கார்ந்து, உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்திருந்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முகுந்தன். இருவரும் தங்கமணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடங்குவது, பந்திங்கிலிருந்து அவர் யாரிடம் வருவது வசதி என்றெல்லாம். “இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே பாப்போம்” என்றார் முகுந்தன். பிறகு, மிஸ்ஸி உள்ளே வந்ததைக் கவனிக்காமல், “அன்னிக்கு எல்லாரும் இருக்கும்போது அப்படி சொல்லியிருக்கக் கூடாது, அங்கிள். மன்னிச்சிருங்க” என்றார்.

“சொன்னது சரிதான்டா. நான்தான் அதுக்காகப் பேஷண்ட வெளில நிறுத்திட்டேன். தங்கமணி மூஞ்சிய எப்படிப் பாக்கப்போறேன்னு தெரியல” என்றார் இராமலிங்கம். தட்டில் இருந்த டிஷ்யூ தாளை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்த தாளைத் தட்டின் மேல் விரித்து வைத்து, நிதானமாகத் தன் பக்கமாக மடக்கினார். மடக்கிவிட்டு மிஸ்ஸியை நிமிர்ந்து பார்த்தார்.

மிஸ்ஸி சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் இப்படி மூச்சு வாங்குது?” என்றார் இராமலிங்கம்.

“லிஃப்டுல கூட்டம் டாக்டர். படியில வந்தேன். அதான் வழியில நின்னு நின்னு நோட்டீஸ் படிச்சிட்டு…”

“என்ன நோட்டீஸ்?”

“கை எப்படிக் கழுவுறதுன்னு.”

“எல்லா மாடிலயும் ஒரே நோட்டீஸ்தான், அங்கிள்” என்றார் முகுந்தன். “மிஸ்ஸி ஒவ்வொரு மாடிலயும் படிக்கிறாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா அடுத்த மாசம்பாங்க.”

மிஸ்ஸி வாயைத் திறந்தார். அடுத்த மாசம் என்ற சொல் பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிரில், நாளைக்கு நானே கார் ஓட்டிக்கிட்டுப் போறேன் என்று சொன்ன மனிதர் நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு உட்கார்ந்திருந்தார். வந்த சொல்லை மிஸ்ஸி விழுங்கினார்.

“கையக் கொடு” என்று இராமலிங்கம் ஊசி குத்தியிருந்த கையை நீட்டினார். அவர் கைக்கடிகாரத்தை வந்த அன்றே கழற்றி எடுத்துவிட்டார்கள். சுவர்க் கடிகாரமோ அவர் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. நேரத்துக்காக அவர் கண் அங்குமிங்கும் தேடியது.

மிஸ்ஸி மார்பிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி, எண்கள் இராமலிங்கத்துக்கு நேராகத் தெரியும்படி திருப்பி அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மற்ற கையை அவரிடம் கொடுத்தார்.